சின்னக் கண்ணாடி ஜாடியில் ஆப்பிள் பை: முதல்முறை செய்பவர்களுக்கு

ஆப்பிள் பை (pie) என்பது மாவு ஓட்டுக்குள் ஆப்பிள் பூரணம் வைத்துச் சுடும் இனிப்பு. அமெரிக்க வீடுகளில் அதைப் பெரிய வட்டத் தட்டில் சுட்டு, ஆறவைத்து, துண்டு போட்டுப் பரிமாறுவார்கள். அதையே ஆளுக்கொன்றாகக் கையடக்கக் கண்ணாடி ஜாடியில் சுடும் வழக்கமும் அங்கிருந்து வந்ததுதான். பேக்கிங் பழக ஆரம்பிப்பவர்களுக்கு இந்த ஜாடிப் பையை நான் தயங்காமல் சொல்வேன். மாவைப் பெரிய வட்டமாக விரித்து, பிய்யாமல் தூக்கித் தட்டில் போடும் சிரமம் இதில் இல்லை. விரலால் அழுத்தியே வேலை முடிந்துவிடும். வெட்டும்போது உள்ளே இருக்கும் பூரணம் வழிந்து உருக்குலையும் கவலையும் இல்லை. அடிப்பக்கம் வெந்துவிட்டதா என்று ஜாடியைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அவசரப்படக் கூடாத விஷயம் ஒன்று உண்டு. அது ஜாடியைத் தேர்ந்தெடுப்பது. மாவு சொதப்பினால் இன்னொரு முறை பிசையலாம். ஓவனுக்குள் கண்ணாடி விரிசல் விட்டால் அன்றைய பை மொத்தத்தையும் குப்பையில் போட வேண்டியதுதான். கண்ணாடிச் சில்லு எதில் விழுந்திருக்கிறது, எதில் விழவில்லை என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் முதலில் கண்ணாடியைப் பார்த்துவிடுவோம்.

எந்த ஜாடி, எது வேண்டாம்

இணையத்தில் இந்தப் பையின் படங்களைத் தேடினால் பெரும்பாலும் மேசன் ஜார்தான் கண்ணில் படும். திருகுமூடி போட்ட அந்த ஜாடிக்கு ஜான் லாண்டிஸ் மேசன் என்பவர் 1858-ல் காப்புரிமை வாங்கினார். பழம், காய், ஜாம் போன்றவற்றை நிரப்பி, தண்ணீரிலோ நீராவியிலோ சூடாக்கிப் பதப்படுத்தி, மாதக்கணக்கில் வைத்திருப்பதற்காக வந்த ஜாடி அது. ஓவனின் உலர்ந்த சூட்டுக்காகச் செய்யப்பட்டதல்ல. அப்படிப்பட்ட ஜாடிகளைத் தயாரிப்பவர்களே ஓவனில் வைக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறார்கள். 'நான் வைத்தேன், ஒன்றும் ஆகவில்லை' என்று பலர் எழுதியிருப்பார்கள். அவர்களுக்கு உடையாமல் போனது உண்மையாகவே இருக்கலாம். உங்கள் ஜாடிக்கு அது உத்தரவாதம் ஆகாது.

காரணம் இதுதான். ஜாம் பாட்டில், ஊறுகாய் பாட்டில், மேசன் ஜார் எல்லாமே சோடா-லைம் எனப்படும் சாதாரணக் கண்ணாடி. சூடேறினால் நன்றாக விரியும், குளிர்ந்தால் நன்றாகச் சுருங்கும். ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் குளிர்ந்தும் இருந்தால், விரிந்த பக்கம் சுருங்கிய பக்கத்தை இழுக்கும். அமுக்கினால் கண்ணாடி தாங்கும், இழுத்தால் தாங்காது. பாட்டிலின் அடி தடித்தும் சுவர் மெலிந்தும் இருப்பதால் சூடும் ஒரே சீராக ஏறாது. விரிசல் பெரும்பாலும் அடியிலிருந்து கிளம்புவது இதனால்தான்.

போரோசிலிகேட் எனப்படும் சூடு தாங்கும் கண்ணாடி இதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் விரியும். ஓவனுக்கு அதுதான் சரி. இந்தக் கண்ணாடி சமையலறைக்கு வந்த கதையே ஒரு ஜாடியில் கேக் சுட்ட கதைதான். நியூயார்க் மாகாணத்தில் உள்ள கார்னிங் கண்ணாடி நிறுவனத்தில் ஜெஸ்ஸி லிட்டில்டன் என்ற இயற்பியலாளர் வேலை பார்த்தார். 1913-ல் அவருடைய மனைவி பெஸ்ஸியின் பேக்கிங் பாத்திரம் உடைந்துபோக, பேட்டரிக்காகச் செய்த கண்ணாடி ஜாடிகளின் அடிப்பாகத்தை அறுத்து அவர் வீட்டுக்கு எடுத்து வந்தார். பெஸ்ஸி அதில் ஸ்பாஞ்ச் கேக் சுட்டுப் பார்த்தார். சீராக வெந்தது, எளிதாகவும் வெளியே வந்தது. அதிலிருந்துதான் 1915-ல் பைரெக்ஸ் என்ற பெயரில் கண்ணாடிப் பாத்திரங்கள் கடைக்கு வந்தன. இன்று அமெரிக்காவில் விற்கும் பைரெக்ஸ், டெம்பர் செய்த, அதாவது சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து வலுவாக்கிய, சோடா-லைம் கண்ணாடி என்பதையும் அங்கே இருப்பவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. ஓவனில் வைக்கலாம், ஆனால் திடீர்ச் சூடும் திடீர்க் குளிரும் கூடாது என்று அதன் அட்டையிலேயே போட்டிருக்கும்.

கடையில் வாங்கும்போது அட்டையில் 'போரோசிலிகேட்', 'ஓவன் சேஃப்' என்ற இரண்டு சொற்களையும் தேடுங்கள். எத்தனை டிகிரி வரை தாங்கும் என்றும் போட்டிருந்தால் ரொம்ப நல்லது. 'மைக்ரோவேவ் சேஃப்' என்று மட்டும் இருந்தால் அது இதற்குப் போதாது. சூடான டீயைத் தாங்கும் டம்ளரும் ஓவனைத் தாங்கும் என்று நினைக்க வேண்டாம்.

அளவு 150 முதல் 200 மில்லி வரை. வாய் அகலமாக, சுவர் நேராக இருக்க வேண்டும். கழுத்து குறுகி, தோள் வைத்த ஜாடி வேண்டாம். அந்த வளைவுக்கு உள்ளே விரல் போய் மாவை அழுத்துவது கஷ்டம். சாப்பிடும்போது ஸ்பூனும் மூலைக்குப் போகாது. விளிம்பில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். சின்ன உடைசலோ கீறலோ தட்டுப்பட்டால் அந்த ஜாடியைத் தள்ளி வைத்துவிடுங்கள். பிளாஸ்டிக் மூடி, ரப்பர் வளையம் எல்லாவற்றையும் கழற்றிவிட்ட பிறகுதான் ஓவன்.

நான்கு ஜாடிக்கு வேண்டியவை

மாவுக்கு: மைதா 200 கிராம், வெண்ணெய் 120 கிராம், சர்க்கரை ஒரு டேபிள்ஸ்பூன், ஐஸ் தண்ணீர் மூன்று அல்லது நான்கு டேபிள்ஸ்பூன். உப்பில்லாத வெண்ணெய் என்றால் அரை டீஸ்பூன் உப்பு. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் உப்பு வெண்ணெய் என்றால் தனியாக உப்பு வேண்டாம்.

பூரணத்துக்கு: ஆப்பிள் 800 கிராம், சர்க்கரை 80 கிராம், எலுமிச்சைச் சாறு ஒரு டேபிள்ஸ்பூன், பட்டைத்தூள் முக்கால் டீஸ்பூன், கார்ன்ஃப்ளார் ஒன்றரை டேபிள்ஸ்பூன், வெண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. புளிப்பான பச்சை ஆப்பிள் கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு, வெந்தாலும் குழையாது. சிவப்பு ஆப்பிள்தான் கிடைக்கிறது என்றால் சர்க்கரையை 60 கிராமாகக் குறைத்து, எலுமிச்சையை இன்னும் ஒரு டீஸ்பூன் கூட்டுங்கள்.

மேலே தடவக் கொஞ்சம் பால், தூவக் கொஞ்சம் சர்க்கரை. முட்டை தேவையில்லை.

முதலில் பூரணம்

தட்டில் சுடும் பைக்கு வேகவைக்காத ஆப்பிள் துண்டுகளை அப்படியே அடுக்குவார்கள். ஜாடியில் அது சரிப்படாது. வேகும்போது ஆப்பிள் சுருங்கி, மேல்மாவுக்கும் பழத்துக்கும் நடுவில் பெரிய இடைவெளி விழுந்துவிடும். ஜாடி ஆழமானது, வாயும் சிறியது. பழம் விடும் தண்ணீர் ஆவியாகப் போக வழியில்லாமல் அடியில் இறங்கி மாவை ஊறவைக்கும். அதனால் பூரணத்தை அடுப்பிலேயே முக்கால் பதம் வேகவைத்துவிடுவதுதான் நல்லது.

ஆப்பிளைத் தோல் சீவி, ஒரு செ.மீ. சதுரமாக நறுக்குங்கள். நீளத் துண்டு வேண்டாம். ஜாடிக்குள் குறுக்கே நிற்கும், ஸ்பூனில் வராது. அடி கனமான வாணலியில் வெண்ணெய் உருகியதும் ஆப்பிள், சர்க்கரை, உப்பு சேர்த்துக் கிளறி, மூடி போட்டு மிதமான தீயில் ஐந்து நிமிடம் விடுங்கள். தண்ணீர் விட்டுக்கொண்டு வரும். மூடியை எடுத்துவிட்டு இன்னும் நாலைந்து நிமிடம். துண்டை ஃபோர்க்கால் குத்தினால் உள்ளே இறங்க வேண்டும், ஆனால் மசியக் கூடாது.

அப்புறம் கார்ன்ஃப்ளாரை இரண்டு டேபிள்ஸ்பூன் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். வெள்ளையாகப் பாக்கெட்டில் வருகிற மாவு அது. மஞ்சள் மக்காச்சோள மாவு அல்ல. ஊற்றியவுடன் சாறு பால் கலந்ததுபோல் வெளுத்துப்போகும். விடாமல் கிளறினால் கொதி வந்ததும் வெளுப்பு மறைந்து பளபளப்பாக, கண்ணாடிபோல் தெளியும். கொப்புளங்களும் நிதானமாக, கெட்டியாக வெடிக்கும். அதற்கு மேல் ஒரு நிமிடம் போதும். கரண்டியால் வாணலியின் அடியில் ஒரு கோடு இழுத்தால், கோடு மூட இரண்டு விநாடி பிடிக்க வேண்டும். அடுப்பை அணைத்த பிறகு எலுமிச்சையும் பட்டைத்தூளும் சேருங்கள். புளிப்போடு ரொம்ப நேரம் கொதித்தால் கார்ன்ஃப்ளார் மறுபடி நீர்த்துப்போகும் என்பதால்தான் எலுமிச்சை கடைசியில்.

அகலமான தட்டில் பரப்பி முழுக்க ஆறவிடுங்கள். வெதுவெதுப்பாகக்கூட ஜாடிக்குள் போகக் கூடாது. மாவில் இருக்கும் வெண்ணெய் உருகிவிடும். முந்தின நாள் ராத்திரியே செய்து ஃப்ரிஜில் வைத்துவிட்டால் காலையில் பாதி வேலை முடிந்திருக்கும்.

மாவு: நம்மூர் வெயிலோடு ஒரு போராட்டம்

வெண்ணெய் மாவுக்குள் கரைந்துவிடாமல் சின்னத் துணுக்குகளாகவே நிற்பதுதான் இந்த மாவின் ரகசியம். ஓவனில் அந்தத் துணுக்குகள் உருகி, அதிலிருக்கும் ஈரம் ஆவியாகி, மாவைப் படலம் படலமாகப் பிரித்துத் தூக்கும். ஐரோப்பிய, அமெரிக்கக் குறிப்புகளில் 'குளிர்ந்த வெண்ணெய்' என்று ஒரு வரியோடு விட்டுவிடுவார்கள். அவர்கள் சமையலறை இருபது டிகிரி. நம் சமையலறை முப்பதைத் தாண்டும்; வெண்ணெய் உருக ஆரம்பிப்பதும் கிட்டத்தட்ட அந்தச் சூட்டில்தான். ஃபேனுக்குக் கீழே இருந்தாலும் வெண்ணெய் பத்து நிமிடத்தில் தளர்ந்துவிடும்.

எனவே காலையில், அடுப்பு எரியாத நேரத்தில் பிசையுங்கள். வெண்ணெய்க் கட்டியை ஒரு மணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள். மைதா, சர்க்கரை, உப்பு கலந்த பாத்திரத்தையும் இருபது நிமிடம் உள்ளே தள்ளுங்கள். எவர்சில்வர் பாத்திரம் என்றால் சீக்கிரம் குளிர்ந்துவிடும். பிறகு கேரட் துருவியின் பெரிய கண்ணில் வெண்ணெயை நேராக மைதாவின் மேலேயே துருவி, அவ்வப்போது ஃபோர்க்கால் புரட்டிவிடுங்கள். கையால் கசக்குவதைவிட இது எவ்வளவோ மேல். உள்ளங்கைச் சூடு படவே படாது.

இப்போது ஐஸ் தண்ணீர். ஒரு ஸ்பூன் தெளித்து, விரல் நுனியால் கலந்து, அடுத்த ஸ்பூன். பதம் புட்டு மாவுதான்: கையில் பிடித்தால் பிடி நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். அதற்குமேல் ஒரு சொட்டும் வேண்டாம். சப்பாத்திக்குப் பிசையும் பழக்கத்தில் கை தானாக அழுத்தித் தேய்க்கப் பார்க்கும். அதை அடக்குங்கள். தேய்த்துப் பிசைந்தால் மைதா ரப்பராக இழுக்கும். சுட்டபின் மொறுமொறுப்பு வராது, கடிக்கவும் வராது.

திரண்டதும் மூன்றில் இரண்டு பங்கு ஜாடிக்கு உள்ளே, ஒரு பங்கு மேல்மூடிக்கு என்று பிரித்து, தட்டையாகத் தட்டி, பிளாஸ்டிக் உறையில் சுற்றி அரைமணி நேரம் ஃப்ரிஜில் வையுங்கள்.

ஜாடிக்குள் அழுத்துவது

ஜாடி நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். உள்ளே வெண்ணெய் தடவத் தேவையில்லை. எலுமிச்சை அளவு உருண்டை ஒன்றை எடுத்து முதலில் அடியில் போட்டுப் பரப்புங்கள். பிறகு சின்னச் சின்னத் துண்டாகக் கிள்ளி, அடியிலிருந்து சுவர் வழியாக மேலே ஏற்றிக்கொண்டே வாருங்கள். 3 மி.மீ. கனம். வெளியிலிருந்து பார்த்தால் எங்கே மெல்லிசாக இருக்கிறது, எங்கே ஓட்டை விழுந்திருக்கிறது என்று தெரியும். அங்கே ஒரு கிள்ளு வைத்து ஒட்டுங்கள். அடியும் சுவரும் சேரும் மூலையில்தான் மாவு தேங்கித் தடித்துப்போகும். அந்த இடம் வேகாமல் வெள்ளையாக நின்றுவிடும் என்பதால் சுற்றிலும் விரல் முனையால் ஒருமுறை அமுக்கிவிடுங்கள்.

மாவை இழுத்து நீட்ட வேண்டாம்; இழுத்தது சூட்டில் மறுபடி சுருங்கி, சுவரிலிருந்து கீழே சரியும். போதாத இடத்துக்குப் புது மாவு வைப்பதுதான் வழி.

ஆறிய பூரணத்தை விளிம்புக்கு ஒரு செ.மீ. கீழே வரை நிரப்புங்கள். காற்றுப் பை இல்லாமல் ஸ்பூனின் பின்பக்கத்தால் மெதுவாக அமுக்குங்கள். மேல்மாவை, அதிரசம் தட்டுவதுபோல, கழுவித் துடைத்த இரண்டு பால் கவருக்கு நடுவில் வைத்து உருட்டுக்கட்டையால் தேய்த்துக்கொள்ளலாம். ஜாடியின் வாயை அளவாக வைத்து வெட்டி, பூரணத்தின் மேல் போட்டு, ஓரத்தைச் சுவர் மாவோடு ஃபோர்க்கால் அழுத்தி ஒட்டுங்கள். விளிம்புக்கு வெளியே தொங்கவிட வேண்டாம். அழகாகத் தெரியும், ஆனால் அந்தப் பகுதி கருகும்; பின்னால் ஜாடி மூடியும் உட்காராது. நடுவில் கத்தியால் மூன்று நான்கு கீறல். ஆவி போக அது கட்டாயம்.

ஜாடிகளை இருபது நிமிடம் ஃப்ரிஜில் வையுங்கள். ஃப்ரீசரில் வேண்டாம். உறைந்த ஜாடியை எடுத்துச் சூடான ஓவனில் வைக்கச் சொல்லும் குறிப்புகளும் உண்டு. எந்தக் கண்ணாடியாக இருந்தாலும் நான் அதைச் செய்யச் சொல்ல மாட்டேன்.

சுடுவது

ஓ.டி.ஜி. எனப்படும் மேசை மின் ஓவனை 190 டிகிரியில் பதினைந்து நிமிடம் ப்ரீஹீட் செய்யுங்கள், அதாவது காலியாகச் சூடாக்குங்கள். தட்டை உள்ளே விட்டுச் சூடாக்க வேண்டாம். ஃப்ரிஜிலிருந்து வந்த ஜாடிகளைச் சூடில்லாத தட்டில் ஒன்றையொன்று தொடாமல் வைத்து, பத்து நிமிடம் வெளியே விட்டு, மேலே பால் தடவிச் சர்க்கரை தூவி, தட்டோடு உள்ளே அனுப்புங்கள். குளிர்ந்த கண்ணாடி சூடான உலோகத்தில் உட்காருவது ஆபத்து. சூடான காற்று மெதுவாகத்தான் ஏறும்.

கீழ்த்தட்டு வரிசையில், முதல் இருபது நிமிடம் கீழ் ராட் (சூடேற்றும் கம்பி) மட்டும். பிறகு இரண்டு ராடும் போட்டு 180 டிகிரியில் இன்னொரு இருபது, இருபத்தைந்து நிமிடம். ராடுக்கு மிக அருகில் ஜாடி இருக்கக் கூடாது. கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ் என்றால் கூடவே வந்த உயரம் குறைந்த ஸ்டாண்டின்மேல் 180 டிகிரியில், மேலே சீக்கிரம் சிவக்கும் என்பதால் முப்பதாவது நிமிடத்திலிருந்து பாருங்கள். மேல் மட்டும் சிவந்து அடி வெளுத்திருந்தால் மேலே ஒரு அலுமினியம் ஃபாயில் துண்டைத் தளர்வாகப் போட்டுத் தொடருங்கள்.

கடிகாரத்தைவிடக் கண்ணை நம்புங்கள். கீறல் வழியாகப் பூரணம் கெட்டியாகக் கொதித்துக் குமிழ்விட வேண்டும். பக்கச் சுவர் வழியாகப் பார்த்தால் மாவு வெண்மை முழுக்க மாறி நல்ல பிஸ்கட் நிறத்தில் தெரிய வேண்டும். அங்கங்கே எண்ணெய் பளபளப்போடு சாம்பல் நிறத்தில் இருந்தால் இன்னும் வேகவில்லை என்று அர்த்தம். ஐந்து, பத்து நிமிடம் கூடுதலாக விடுவதால் ஒன்றும் கெடாது.

வெளியே எடுத்த பிறகு

விபத்து அதிகம் நடப்பது இங்கேதான். சூடான கண்ணாடியின் மேற்பரப்பு சட்டென்று குளிரும்போது அது சுருங்கப் பார்க்கும், உள்சூடு விடாது, மேற்பரப்பே இழுபடும். அதனால் திடீர்ச் சூட்டைவிடத் திடீர்க் குளிர் மோசமானது. நம் சமையல் மேடை கிரானைட், பாதி நேரம் ஈரம். அதன்மேல் ஜாடியை வைக்கவே வைக்காதீர்கள். காய்ந்த மரப்பலகை, அல்லது நான்காக மடித்த காய்ந்த துணி. பிடிதுணியும் காய்ந்திருக்க வேண்டும்.

ஒரு மணி நேரம் ஆறட்டும். பூரணம் அப்போதுதான் இறுகும். சீக்கிரம் ஸ்பூனை விட்டால் சாறாக ஓடும், நாக்கும் பொத்துப்போகும்.

மூடி போடுவது முழுக்க ஆறிய பிறகு மட்டும். சூட்டோடு மூடினால் ஆவி வேர்த்து மேல்மாவு நமத்துப்போகும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. சூட்டோடு மூடிய ஜாடி ஆறும்போது மூடி உள்ளே இழுபட்டு, காற்றுப் புகாமல் இறுகும். பார்த்தால் கடை ஜாம்போலப் பதப்படுத்தியாகிவிட்டது என்று தோன்றும். அது பதப்படுத்தல் அல்ல. பையின் உட்பகுதி நூறு டிகிரியைத் தாண்டுவதே இல்லை. பாட்டுலிசம் என்ற கடுமையான உணவு நச்சு நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் அந்தச் சூட்டில் சாகாது. காற்றில்லாத, ஈரமான மாவு அவை வளரத் தோதான இடம். ஜாடியில் சுட்ட கேக், ரொட்டி வகைகளை மூடி போட்டு அலமாரியில் வைத்துப் பரிசளிப்பதை அமெரிக்காவில் உணவுப் பாதுகாப்பு சொல்லித்தரும் பல்கலைக்கழகத் துறைகள் வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். பரிசாகக் கொடுப்பதென்றால் அன்று சுட்டதை அன்றே கொடுத்து, ஃப்ரிஜில் வைக்கச் சொல்லுங்கள். மூன்று நாளுக்குள் சாப்பிட்டுவிட வேண்டும்.

வேறு பழங்கள்

அன்னாசியைப் பொடியாக நறுக்கி, சாறு வற்றும்வரை அடுப்பில் கூடுதல் நேரம் விட்டு, கார்ன்ஃப்ளாரை இரண்டு டேபிள்ஸ்பூனாக்குங்கள். மாம்பழத்தில் நன்றாகப் பழுத்த பங்கனப்பள்ளியைவிடக் கொஞ்சம் புளிப்பு மிச்சமிருக்கும் செங்காயான கிளிமூக்கு எடுப்பாக இருக்கும். அதை நான்கு நிமிடத்துக்குமேல் வேகவைக்க வேண்டாம். கொடைக்கானல் பேரிக்காய்க்கு ஆப்பிள் அளவுகளே பொருந்தும். வாழைப்பழமும் பப்பாளியும் இதில் குழகுழவென்று ஆகிவிடும், விட்டுவிடலாம்.

ஓவனுக்கான ஜாடி கைவசம் இல்லையா

ஜாம் பாட்டில்தான் இருக்கிறது என்றாலும் ஜாடிப் பை சாப்பிடலாம், சுடுவதைத் தனியாக வைத்துக்கொண்டால். அதே மாவை 4 மி.மீ. கனத்தில் தேய்த்து, பாட்டில் வாய்க்குள் போகும் அளவு வட்டங்களாக வெட்டி, உலோகத் தட்டில் 180 டிகிரியில் பதினெட்டு, இருபது நிமிடம் சிவக்கச் சுடுங்கள். ஓரத்து வெட்டுத்துண்டுகளையும் சுட்டு நொறுக்கிக்கொள்ளுங்கள். பூரணத்தை ஆப்பிள் முழுக்க வேகும்வரை அடுப்பில் வைத்து ஆறவிடுங்கள். சாப்பிடும் நேரத்தில் அடியில் நொறுக்கிய தூள், மேலே பூரணம், அதன்மேல் ஒரு வட்டம். ஊறாததால் மொறுமொறுப்பு இதில்தான் அதிகம். சின்னக் குழந்தைகளோடு சேர்ந்து செய்வதற்கும் இந்த முறையே நல்லது.

சூடாக்கவும் கழுவவும்

ஃப்ரிஜிலிருந்து எடுத்த பையை அரைமணி நேரம் வெளியே வைத்து, சூடில்லாத ஓவனுக்குள் வைத்த பிறகு ஓவனை 150 டிகிரிக்குப் போடுங்கள். பதினைந்து, இருபது நிமிடத்தில் மாவு மறுபடி மொறுமொறுக்கும். மைக்ரோவேவில் ஒரு நிமிடத்தில் சூடாகிவிடும், ஆனால் மேல்மாவு தொய்ந்துபோகும். காலி ஜாடி ஆறுவதற்குள் தண்ணீர் விடாதீர்கள். ஒட்டியிருக்கும் மாவைக் கத்தியாலோ கம்பி நாராலோ சுரண்டாமல், வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து ஸ்பாஞ்சால் தேயுங்கள். சுரண்டிய கீறலிலிருந்துதான் அடுத்த முறை விரிசல் கிளம்பும். கீறல் விழுந்துவிட்ட ஜாடியில் கடுகோ சீரகமோ போட்டு வைக்கலாம். ஓவனுக்கு அது இனி வேண்டாம்.